ஏழாம் காட்சியில் ஒரு குழாய்

"கழிப்பறையைக் கழுவிட்டு வர்ற ஆளு கையைக் கழுவவே இல்லையேம்மா," என்றார் கடமை சார்.

மக்கள் பணத்தில் நடக்கும் தொலைக்காட்சி அது. ஒவ்வொரு நாடகத்திலும் பொதுமக்களுக்கு உபயோகமாக நாலு விஷயம் இருக்கவேண்டும் என்று உரிமத்திலேயே கடமையாக எழுதியிருந்தது. இருக்கிறதா என்று பார்க்கச் சம்பளம் வாங்குகிறவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர்.

நாடகத்தை எழுதியவளுக்கு மற்றதெல்லாம் போனாலும் ஏழாம் காட்சி பிழைத்தால் போதும். பள்ளிக்கூட வராந்தாவில் வாளியும் துடைப்பமுமாக ஒருவர் வருகிறார். "யாருடி அது?" என்கிறாள் தோழி. "யாரோ. எனக்குத் தெரியாது," என்கிறாள், அவர் பெற்ற மகள். எழுதியவள் பன்னிரண்டு வயதில் செய்த காரியம் அது. அப்பாவிடம் மன்னிப்புக் கேட்க, பட்டம் வாங்கிய பிறகும் வாய் வரவில்லை. அதனால்தான் நாடகம்.

குழாய் ஒன்றை எழுதிச் சேர்த்தாள். அப்பா கை கழுவினார்.

"தண்ணி பாட்டுக்குக் கொட்டுதே. சிக்கனம் என்னாகறது?"

"மூடிடறார் சார்."

"கழுவின கையால அழுக்குக் குழாயைத் தொடறதா? வேற யாராவது மூடட்டும்."

தோழி மூடினாள்.

"ஊரான் பிள்ளையை வேலை வாங்கினா குழந்தை உழைப்பு. பெத்த பொண்ணு மூடினா ஒத்தாசை."

மகள் ஓடிவந்து மூடினாள்.

"அவ்வளவு தூரம் வந்தவ, அப்பன் முகத்தைப் பார்க்காம போறதா? குடும்ப நல்லுறவும் பட்டியல்ல இருக்கும்மா."

"பார்க்காம போறதுதான் சார் கதையே."

"கதை கிடக்கட்டும். உரிமம் போச்சுன்னா உனக்கும் சோறு இல்ல, எனக்கும் இல்ல."

மகள் அப்பாவைக் கட்டிப்பிடித்தாள்.

"கைதான் கழுவியாச்சே, தாராளமாப் பிடிக்கலாம்," என்று கையெழுத்துப் போட்டார் கடமை சார்.

இரண்டு நாள் எழுதியவள் கடமை சாரைத் திட்டித் தீர்த்தாள். மூன்றாம் நாள் ஒரு வெட்கங்கெட்ட நிம்மதி வந்தது. அப்பா ஒரு நல்ல மகளைத்தான் பார்க்கப்போகிறார், பார்த்துவிட்டுப் போகட்டும்.

ஒளிபரப்பன்று அவரை டிவி முன்னால் அவளே உட்கார வைத்தாள். அவருக்கு இப்போது காது மந்தம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரையின் அடியில் ஓடும் வசனத்தை உதடசைத்துப் படித்தார். காது கேளாதவர்களுக்கு அப்படிப் போடுவதும் உரிமத்தில் உள்ள கடமைதான். ஆனால் அதைத் தட்டச்சு செய்யும் பிரிவுக்குப் போயிருந்தது அவள் முதலில் எழுதிய பிரதி. திருத்தங்களை யாரும் அனுப்பவில்லை.

மேலே மகள் அப்பாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். கீழே ஓடியது: "யாரோ. எனக்குத் தெரியாது."

அவள் பாய்ந்துபோய் டிவியை மறைத்து நின்றாள்.

"தள்ளிக்கோம்மா, படிச்சிட்டிருக்கேன்."

"எழுத்துல தப்பு விழுந்துடுச்சுப்பா," என்று அவர் காதருகே கத்தினாள்.

அப்பா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆமா, தப்புதான். நீ அன்னிக்கு 'யாரோ'ன்னு சொல்லல. 'அவரு இங்க சுத்தம் பண்றவரு'ன்னு மரியாதையாத்தான் சொன்ன."