அம்பலவாணனைப் பார்க்கப் போய் அம்பலமானவர்

காரைக்குடி செக்காலைப் பக்கம் குடியிருந்த நாகநாதன், ஒரு படத்தைப் பார்க்காமலே அதைத் தீர்த்துக்கட்டுவது என்று முடிவெடுத்தார். காலைப் பத்திரிகையைப் பிரித்தபோது பிறந்த முடிவு, காபி ஆறுவதற்குள் வளர்ந்து மீசை வைத்துக்கொண்டது.

அவர் கூட்டுறவுப் பண்டகசாலை மேலாளர். ஆனால் அது வயிற்றுப்பாட்டுக்கு. மற்றபடி அவர் விமர்சகர். ‘செம்மண் செய்தி’ என்ற உள்ளூர் வாரப் பத்திரிகையில் ‘திரைத்தராசு’ என்றொரு பத்தி எழுதிவந்தார். பண்டகசாலைத் தராசில் சீனியும் பருப்பும் ஒழுங்காக நிறுத்து வெளியே போயின. இந்தத் தராசில் ஏறிய படம் எதுவும் உருப்படியாக இறங்கியதில்லை.

தொண்ணூற்றேழாம் வருஷம் அவர் கையில் மாட்டிய படம் ‘துப்பறியும் அம்பலவாணன்’. மாட்டியது பழைய அம்பலவாணன் அல்ல. பழையது கறுப்பு வெள்ளை. நாகநாதன் வேட்டி கட்டப் பழகிய காலத்தில் தேவகோட்டைக் கொட்டகையில் மண்ணைக் குவித்து உட்கார்ந்து பார்த்தது. ஜமீன் பங்களாவில் வைர அட்டிகை காணாமல் போகும். துப்பறிய வரும் அம்பலவாணன் கதவென்று நினைத்து அலமாரிக்குள் நுழைவார், திருடன் என்று நினைத்து ஜமீன்தாரையே கட்டிப்போடுவார், கிணற்றில் விழுவார், ஏறி வந்து மறுபடி அதே கிணற்றில் விழுவார். அந்தப் படம் நாகநாதனுக்குச் சினிமா இல்லை, சாமி. இப்போது அதே கதையைக் கலரில், புது நடிகரைப் போட்டு, டூயட்டும் சேர்த்துத் திரும்ப எடுத்திருந்தார்கள்.

சென்னைப் பத்திரிகைகள் அதைத் துவைத்துக் காயப்போட்டன. ஒன்று, பழைய படத்தின் சமாதியில் நடத்திய கரகாட்டம் என்றது. இன்னொன்று, அம்பலவாணன் அட்டிகையைத் தேடுவதை விட்டுவிட்டு முதலில் நகைச்சுவையைத் தேடியிருக்கலாம் என்றது. நாகநாதனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? இதையெல்லாம் படித்தபின் படத்தை வேறு பார்ப்பானேன் என்று டீக்கடையில் அறிவித்தார். அந்தப் படம் ஓடுகிற கொட்டகை வாசலை மிதிக்கமாட்டேன் என்று பண்டகசாலையில் அறிவித்தார். கடைசியாக வீட்டில் அறிவித்தார்.

வீட்டில் அறிவிப்பைக் கேட்கிற ஆள் ஒருவர்தான், மனைவி வீரலட்சுமி. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். வீரலட்சுமிக்குச் சினிமா பிடிக்கும். புருஷனோடு சினிமா போகத்தான் பிடிக்காது. கொட்டகைக்குள் நுழைந்ததும் நாகநாதன் முகத்தை உர்ரென்று வைத்துக்கொள்வார். பக்கத்தில் யாராவது சிரித்தால் திரும்பிப் பார்ப்பார். விமர்சகன் சிரிக்கலாகாது என்பது அவர் கொள்கை. அதனால் பல வருஷமாக இருவரும் சேர்ந்து சினிமா போவதே இல்லை.

ஆனாலும் இந்தப் படத்துக்குப் போகலாமா என்று வீரலட்சுமி கேட்டுப்பார்த்தாள். வயிறு வலிக்கச் சிரிக்கலாம் என்று பக்கத்து வீட்டு ஆரோக்கிய ஷீலா டீச்சர் சொன்னதாம்.

“வயிறு வலிக்கும், வாஸ்தவம்தான். அதுக்கு எதுக்கு டிக்கெட்டு?” என்றார் நாகநாதன். பிறகு குரலை உயர்த்தி, “நாகநாதன் பெண்டாட்டி அந்தப் படத்துக்குப் போனான்னு காரைக்குடியில ஒருத்தன் சொல்லக்கூடாது. ஆமா,” என்றார். வீரலட்சுமி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாதபோதுதான் நாகநாதன் பயப்பட்டிருக்க வேண்டும். அந்த வித்தை அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

அன்றே விமர்சனத்தை எழுதி முடித்தார். ‘கொட்டகையில் மயான அமைதி. ஒரு சிரிப்புக்குக்கூட வழியில்லாமல் மக்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கண்ணீர் வடித்தனர்’ என்று முடித்திருந்தார். எழுதியதைத் தானே இரண்டு தடவை வாசித்து ரசித்துவிட்டுப் பத்திரிகை அலுவலகத்துக்கு நடந்தார்.

ஆசிரியர் சிவபிரகாஷ் வயதில் இளையவர், மரியாதை தெரிந்தவர். வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். நம்ம ஊர்க் கொட்டகையில் கூட்டம் தாங்காமல் வராண்டாவில் பெஞ்சு போட்டிருக்கிறார்கள், மயான அமைதி என்று போட்டால் ஊர் நம்மைத்தான் மயானத்துக்கு அனுப்பும் என்றார். எந்தக் காட்சி சரியில்லை, எங்கே சறுக்கியது என்று நாலு வரி குறிப்பாக வேண்டும் என்றார். அப்புறம் மெதுவாக, “படத்தப் பாத்துட்டீகளா சார்?” என்று கேட்டார்.

“பின்ன? பாக்காமயா எழுதுவாக?” என்று கேட்டுவிட்டு நாகநாதன் வெளியே வந்தார். வெயிலில் நின்றபோதுதான் நிலைமை புரிந்தது. ஊருக்குப் படத்தைப் பார்க்காதவர், ஆசிரியருக்குப் பார்த்தவர். ஒரே ஆள் இரண்டாகவும் இருந்தாக வேண்டும். காரைக்குடிக் கொட்டகையில் நுழைந்தால் டிக்கெட் கிழிப்பவனே பண்டகசாலை உறுப்பினன்.

புதன்கிழமை சிவகங்கையில் கூட்டுறவுக் கூட்டம் என்று வீட்டில் சொன்னார். வீரலட்சுமி இஸ்திரி போட்ட சட்டையை எடுத்துக்கொடுத்து, நிதானமாக வாங்க, ஒன்றும் அவசரமில்லை என்று வழியனுப்பினாள். அந்தப் பரிவு அவரை நெகிழவே வைத்தது.

சிவகங்கையில் இறங்கியதும் பையிலிருந்து மப்ளரை எடுத்துக் காதோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டார். சித்திரை வெயிலில் ஊரே விசிறிக்கொண்டிருக்க, ஒரு மனிதர் மப்ளரோடு போனால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது அவருக்குத் தோன்றவில்லை. விளக்கணைத்த பிறகு உள்ளே போய்க் கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டார்.

புது அம்பலவாணன் வந்தார். அலமாரிக்குள் நுழைந்தார். நாகநாதன் உதட்டைச் சுழித்தார். பழையவர் கால் வைத்த அழகு வருமா? அம்பலவாணன் வெளியே வந்தபோது தலையில் ஜமீன்தாரம்மாவின் பாவாடை. நாகநாதன் இருமினார். அது இருமல்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். ஜமீன்தாரைக் கட்டிப்போடும் காட்சியில் கயிற்றின் மறுமுனை அம்பலவாணன் காலிலேயே சுற்றியிருக்க, நாய் துரத்த, இரண்டு பேரும் சேர்ந்து தென்னந்தோப்பைச் சுற்றி ஓடியபோது இருமல் கைமீறிப்போனது. நாகநாதன் சிரித்தார். அவர் சிரிப்பு லேசில் கிளம்பாது. பழைய பம்புசெட்டு மாதிரி முதலில் இழுக்கும், விக்கும், புகைவிடும். கிளம்பிவிட்டால் பிறகு நிற்காது. தொடையில் அடித்தார். பக்கத்து ஆள் தொடையிலும் அடித்தார். கண்ணில் தண்ணீர் கொட்டித் திரை கலங்கிப்போனது.

கிணற்றுக் காட்சி வந்தது. அம்பலவாணன் விழுந்தார். ஏறினார். கிணற்றைச் சுற்றிப் பத்திரமாக நடந்தார். பின்னால் நகர்ந்து நன்றி சொல்லிக் கும்பிட்டார், விழுந்தார். நாகநாதன் வாயைப் பிளந்து சிரித்த ஒரு சிரிப்பில், மேல்வரிசைப் பல்செட்டு கழன்று இருட்டுக்குள் பறந்துவிட்டது.

அதோடு அவருக்குப் படம் முடிந்தது. மீதிப் படம் முழுக்கத் தரையில் குனிந்து தடவினார். கடலைத் தொலி கிடைத்தது, யாருடையதோ ஒற்றைச் செருப்பு கிடைத்தது, ஒரு மிதி கிடைத்தது. பல் கிடைக்கவில்லை. விளக்குப் போட்டுக் கூட்டம் கலைந்து, கூட்டுகிறவர் வந்து விரட்டும் வரை தேடிவிட்டுப் பஸ் ஏறினார்.

வீட்டுக்கு வந்தபோது வீரலட்சுமி தலைசீவிப் பூ வைத்து, அடுக்களையில் எதையோ கிண்டிக்கொண்டிருந்தாள். கூட்டம் எப்படி என்று கேட்டாள். நாகநாதன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நல்ல கூட்டம் என்று தலையாட்டினார். அது உண்மையும்கூட.

ஒரு தட்டு நிறையச் சீப்புச் சீடை வந்தது. செட்டிநாட்டுச் சீடை, பல்லிருக்கிறவனே யோசித்துத்தான் கடிப்பான். அவர் வயிறு சரியில்லை என்றார். “ஹரியில்ல” என்றுதான் அது வெளியே வந்தது.

“பல்லு எங்க?” என்றாள் வீரலட்சுமி.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாராம். காளையார்கோவில் தாண்டும்போது ஒரு தும்மல் வந்ததாம். பல் ரோட்டில் விழுந்துவிட்டதாம். டிரைவர் நிறுத்தவில்லையாம். காலம் கெட்டுப்போய்விட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

வீரலட்சுமி உள்ளே போய் ஒரு டம்ளரைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். தண்ணீருக்குள் பல்செட்டு கிடந்தது. சுத்தமாகக் கழுவியிருந்தது. நாகநாதனைப் பார்த்துச் சிரிப்பது போலவும் இருந்தது.

“தும்முனது காளையார்கோவில்ல. விழுந்தது சிவகங்கைக் கொட்டகையில, ஷீலா டீச்சர் கடலைப் பொட்டலத்துல,” என்றாள் வீரலட்சுமி. “டீச்சர் கடலை எடுக்கக் கைய விட்டுச்சு. கடலை கடிச்சிருச்சுன்னு, பாவம், ‘சேசுவே’ன்னு கத்திருச்சு. நல்லவேளை, கிணத்துக்குள்ள விழுந்தவரைப் பாத்துத்தான் கத்துதுன்னு எல்லாரும் நெனச்சுக்கிட்டாக.”

நாகநாதன் மானத்தைக் காப்பாற்ற ஒரு வழி தேடினார். கிடைத்தது. அவசரமாகப் பல்லை மாட்டிக்கொண்டு, என் பேச்சை மீறி நீ எப்படி அந்தப் படத்துக்குப் போகலாம் என்று பாய்ந்தார்.

“போனேன்னு காரைக்குடியில ஒருத்தன் சொல்லக்கூடாதுன்னுதான சொன்னீக. அதான் சிவகங்கைக்குப் போனேன். அம்புட்டுத் தூரம் பஸ்ல நின்னுக்கிட்டே போயி உங்க பேரக் காப்பாத்தியிருக்கேன்.”

நாகநாதன் பேச்சை மாற்றினார். இருட்டில் தன்னை எப்படித் தெரிந்தது என்று மட்டும் கேட்டார். அவர் வந்து உட்கார்ந்தபோது தெரியவில்லையாம். அவருக்கு முன்வரிசையில் டீச்சரோடு படம் பார்த்துக்கொண்டிருந்தாளாம். பின்னால் சிரிப்புக் கேட்டதும் தெரிந்துவிட்டதாம். அப்படிச் சிரிக்க இந்த ஜில்லாவில் வேறு ஆள் கிடையாது.

“தெரிஞ்சதுமே திரும்பிக் கூப்பிட்டிருக்கலாம்ல?” என்றார் நாகநாதன்.

“கூப்பிட்டா நிறுத்திருவீகள்ல,” என்றாள் வீரலட்சுமி. “கல்யாணமான புதுசுல கேட்டது. சரி, முடியுற மட்டும் கேப்போம்னு பேசாம இருந்துட்டேன். பல்லக் குடுக்கலாம்னு பாத்தா நீங்க பெஞ்சுக்கு அடியில இருந்தீக. மப்ளரெல்லாம் கட்டிக்கிட்டு இம்புட்டுப் பாடுபட்டு ஒளிஞ்சிருக்காகளே, நாம எதுக்குக் கெடுக்கணும்னு பஸ் ஏறிட்டோம்.”

நாகநாதன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் பல் இல்லை, வெறும் தண்ணீர்தான். ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்தார்.

விமர்சனம் என்ற பூதம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. மறுநாள் காலை சிவபிரகாஷிடம் கொடுத்தாக வேண்டும். பழையபடி மயான அமைதி என்று எழுத இப்போது அவருக்கே மனசு வரவில்லை. புதிதாக எழுதலாம் என்றால் முன்பாதியில் கண் தெரியவில்லை, பின்பாதியில் தரைதான் தெரிந்தது. தயங்கித் தயங்கி, பிறகு என்னதான் நடந்தது என்று வீரலட்சுமியிடமே கேட்டார். சொல்கிறேன், ஆனால் நான் சொல்கிறபடியே எழுத வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மறுபடி பார்க்க உள்ளூர்க் கொட்டகைக்கே கூட்டிப்போக வேண்டும், மப்ளர் கூடாது என்றாள்.

அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே சொல்ல, அவர் எழுதினார். பழைய அம்பலவாணன் விழப்போவது அவருக்கே தெரியாது, அதனால் நாம் பதறிச் சிரித்தோம். புது அம்பலவாணன் விழுமுன் ஒரு ஓரப்பார்வை பார்த்துவிட்டுத்தான் விழுகிறார், அது ஒரு குறை. டூயட் வரும்போது வெளியே போய்ச் சோடா குடித்துவிட்டு வரலாம், ஒன்றும் விட்டுப்போகாது. ஆனாலும் அவரவர் கவலையை மறந்து கொட்டகையே சிரித்தது, பல் தெறிக்கச் சிரித்தவர்களும் உண்டு. நடுவில் நாகநாதன் ‘அழகியல் விழுமியங்கள்’ என்று ஒன்றைச் செருகப் பார்த்தார். அது என்ன காய் என்று வீரலட்சுமி கேட்டதும் அடித்துவிட்டார்.

பத்திரிகை வந்தது. ‘திரைத்தராசு – நாகநாதன்’ என்றுதான் அச்சாகியிருந்தது. டீக்கடையில் கைகொடுத்தார்கள். பண்டகசாலைக்கு வந்தவர்கள் சீனியை மறந்துவிட்டு அதைப் பற்றிப் பேசினார்கள். நீங்கள் படமே பார்க்கமாட்டேன் என்றீர்களே என்று ஒருவரும் கேட்கவில்லை. சொன்னபடி ஞாயிறன்று மனைவியோடு கொட்டகைக்குக் கிளம்பினார். சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டுச் செருப்பு மாட்டும்போது சிவபிரகாஷே வீடு தேடி வந்துவிட்டார்.

இத்தனை வருஷத்தில் ஒரு கட்டுரைக்கு இவ்வளவு பேர் வந்து பேசியதில்லை என்றார் அவர். எப்படி சார் இப்படி எழுதினீர்கள் என்று வியந்தார். எல்லாம் அனுபவம் என்று நாகநாதன் மீசையைத் தடவினார்.

“எனக்கு ஒரே ஒரு சந்தேகம் சார். முன்னாடி வரிசைத் தலை மறைச்சு எனக்குச் சரியாத் தெரியல. கடைசியில அந்த அட்டிகை எங்குட்டு இருந்துச்சு?”

நாகநாதன் வானத்தைப் பார்த்தார். பழைய படத்தில் குடைக்குள் இருந்தது. இதில் மாற்றிவிட்டார்களா? பெஞ்சுக்கு அடியில் இருந்தவருக்கு எப்படித் தெரியும்? அது நுட்பமான விஷயம் என்று ஆரம்பித்தார். பார்வையாளரின் ஊகத்துக்கு விட்டிருக்கிறார்கள் என்று தொடர்ந்தார்.

“நாயி கழுத்துல,” என்றாள் வீரலட்சுமி, கதவைப் பூட்டிக்கொண்டே. “முதல் காட்சியிலேர்ந்து அங்குட்டுத்தான் தொங்குது.”

சிவபிரகாஷ் அவளைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து இரண்டு பாஸை எடுத்தார். அடுத்த வாரப் படத்துக்குக் கொட்டகைக்காரர் கொடுத்தனுப்பியதாம். இரண்டையும் வீரலட்சுமி கையில் மரியாதையாகக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

“அக்கா, ஒண்ணு நம்ம விமர்சகருக்கு. இன்னொண்ணு, அவுகளைச் சைக்கிள்ல கொண்டாந்து விடுறவருக்கு.”