குட்டிக்கரணத் திருப்பம்

என் மனைவியை நீச்சலில் தோற்கடித்தே தீருவது என்று முடிவு செய்தேன். தோற்பவர் ஒரு வருடம் பாத்திரம் தேய்க்க வேண்டும். பந்தயம் கட்டியதே நான்தான்.

"எவ்வளவு தூரம்னு மட்டும் நீயே முடிவு பண்ணிக்கோ" என்று தாராளமாக விட்டும் கொடுத்தேன். குளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒரு நீளம்; பத்து நீளமோ, இருபது நீளமோ, எனக்கென்ன?

"அப்புறம் பேச்சு மாறக் கூடாது" என்றாள்.

அவள் நீந்துவதை நீங்கள் பார்க்க வேண்டும். நேராகப் போகும்போது வேகம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுவர் வந்ததும் கையால் பிடித்து, நின்று, கண்ணாடியைச் சரிசெய்து, பக்கத்து லேன்காரியிடம் நலம் விசாரித்துவிட்டுத்தான் திரும்புவாள். இதெல்லாம் ஒரு திருப்பமா? நிஜமான நீச்சல்காரன் சுவருக்கு முன்னால் ஒரு குட்டிக்கரணம் போட்டு, காலால் ஓர் உதை விட்டு, போய்க்கொண்டே இருப்பான். அதைக் கற்றுக்கொண்டால் அவள் கதை முடிந்தது.

மூன்று வாரம் வேறு எதையும் பழகவில்லை. முதல் வாரம் ரொம்ப முன்னாலேயே உருண்டேன். உதைக்கக் கால் நீட்டினால் வெறும் தண்ணீர். அடுத்த வாரம் ரொம்பக் கிட்டப் போய் உருண்டேன். இரண்டு குதிகாலும் விளிம்பில் மோதி வீங்கின. பாதிக் குளம் மூக்கு வழியாக உள்ளே போனது.

"உருளும்போது மூக்கால மூச்சை விடுங்க சார்" என்றார் பயிற்சியாளர். பிறந்ததிலிருந்து மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற எனக்கு இவர் சொல்லித் தருகிறார்.

ஆபீஸ் விட்டு வந்து, அவள் வருவதற்குள் ஹாலில் மெத்தையை விரித்தும் உருண்டேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

"என்னங்க, சுவத்துல ரெண்டு கால் தடம் இருக்கே?"

"பல்லியா இருக்கும்."

"பத்தாம் நம்பர் செருப்பு போடுற பல்லியா?"

"சரி, குட்டிக்கரணம் போட்டுத் திரும்பப் பழகுறேன். போதுமா?"

"வேற என்ன பழகுறீங்க?"

"வேற எதுக்கு? நீ சுவத்தைப் பிடிச்சு மூச்சு வாங்குறதுக்குள்ள நான் பாதி தூரம் போயிடுவேன்."

"எனக்கு அதெல்லாம் வராதுங்க, தலை சுத்தும். நீங்க நல்லாப் பழகுங்க. கழுத்து சுளுக்கிக்காம ஒரு போர்வையும் மடிச்சுப் போட்டுக்குங்க."

பயந்துவிட்டாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

பந்தய நாள் வந்தது. பயிற்சியாளர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

"எத்தனை நீளம்?" என்று கேட்டேன்.

"ஒண்ணு."

"போயிட்டு வர்றதா?"

"போறது மட்டும். நீங்க திரும்பவே வேணாம்."

மறுத்துப் பேச வாயைத் திறந்தேன், அதற்குள் விசில் ஊதிவிட்டது. திறந்த வாயோடு குதித்தேன். நான் பாதிக் குளம் தாண்டுவதற்குள் அவள் மறுகரைக்குப் போய்விட்டாள். போனவள் அங்கேயே நிற்கக் கூடாதா? சுவருக்கு முன்னால் அழகாக உருண்டு, காலால் உதைத்து, தண்ணீர்கூடத் தெறிக்காமல் திரும்பி என் எதிரே வந்து தலையை நீட்டினாள்.

"மெதுவா வாங்க. பாத்திரம் எங்கயும் போயிடாது."