அம்முவின் பகல் தூக்கமும் உறக்கம் சாரும்

திருவனந்தபுரத்தில் பகலில் தூங்குகிறவர்கள் லட்சம் பேர் இருக்கலாம். ஆனால் பகல் தூக்கத்தையே ஓர் உத்தியோகமாகச் செய்து, அதில் படிப்படியாகப் பிரமோஷனும் பெற்று, மாலை மரியாதையோடு ரிட்டயர் ஆனவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் உறக்கம் சார்.

ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தார். பெற்றோர் வைத்த பெயர் கேட்டில் எழுதியிருந்தது. ஆனால் தபால்காரரே அதை நம்பாமல், "உறக்கம் சார் வீடுதானே?" என்று ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் கடிதத்தைக் கொடுப்பார். ஏதோ ஓர் அரசாங்க ஆபீசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்தவர். பதினொன்றே கால் மணிக்கு ஒரு தூக்கம், மூன்று மணிக்கு ஒரு தூக்கம். முதுகு நிமிர்ந்திருக்கும், கண்ணாடி மூக்கில் இருக்கும், மூடி திறந்த பேனா விரலிடுக்கில் இருக்கும், முன்னால் ஃபைல் விரிந்திருக்கும். பார்க்கிறவர்களுக்கு, சிக்கலான ஒரு விஷயத்தில் மனிதர் மூழ்கிப்போயிருக்கிறார் என்றுதான் தோன்றும். ஒருநாள் மேலதிகாரி எதிரே உட்கார்ந்து இருபது நிமிஷம் ஒரு திட்டத்தை விளக்கினாராம். இவர் நடுநடுவே தலையை ஆட்டியிருக்கிறார். இவ்வளவு பொறுமையாகக் கேட்கிற ஆளைப் பார்த்ததே இல்லை என்று அதிகாரி எழுதி அனுப்ப, அடுத்த பிரமோஷன் வந்துவிட்டது. இதை எனக்குச் சொன்னவர் உறக்கம் சாரேதான் என்பதால், வாசகர்கள் பாதியைக் கழித்துக்கொள்ளலாம்.

ஆனால் பிரிவுபசார விழாவை நானே பார்த்தேன். ஆளாளுக்குப் புகழ்ந்து பேசப் பேச, மேடையில் இவர் மெல்லக் கண்ணை மூடினார். துக்கம் தாங்காமல்தான் கண்ணை மூடுகிறார் என்று நினைத்து முன்வரிசையில் நாலு பேர் அழுதார்கள்.

இப்படிப்பட்டவரிடம் நான் போய்ச் சிக்கியதற்குக் காரணம் எங்கள் அம்மு. அவளுக்கு அப்போது ஐந்து மாசம். தாய்ப்பால்தான். இரவில் தங்கமாகத் தூங்குவாள். பகலில்தான் வினை. என் மனைவி வித்யாவின் மடியில் பால் குடித்தபடியே கண்ணயர்வாள். பாயில் விட்ட ஏழாவது நிமிஷம் விழித்துக்கொண்டு, தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று தெருவுக்கே தெரிவிப்பாள். என் தோளில் அவள் ஒருநாள்கூடத் தூங்கியதில்லை.

வித்யாவின் லீவு முடிய இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. அவள் ஒன்பதரைக்கு ஆபீஸ் கிளம்பினால், மாலைவரை குழந்தைக்கு நான்தான் எல்லாம். நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன். எடுத்துவைத்த பாலை அம்மு பாலாடையில் சமர்த்தாகக் குடிக்கப் பழகியிருந்தாள். தூக்கத்துக்குத்தான் வழி தெரியவில்லை.

"அவ பகல்ல தூங்கலேன்னா நான் வேலைக்குப் போகலை. எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன்," என்றாள் வித்யா. வருஷக்கணக்கில் பரீட்சை எழுதி, தோற்று, மறுபடி எழுதி வாங்கிய வேலை. சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நாலு பேரிடம் யோசனை கேட்டேன். அதுதான் தப்பு. கொட்டாவி விட்டதுமே படுக்கவைத்துவிடுங்கள் என்றார் டாக்டர். பால் கொடுத்துத் தூங்கவைக்கவே கூடாது என்றாள் திருச்சியிலிருந்து வித்யாவின் அக்கா. பால் கொடுக்காமல் எந்தக் குழந்தையாவது தூங்குமா என்று கேட்டார் எதிர்வீட்டு மாமி. அறையை இருட்டாக்கு என்றது ஒரு வாட்சப் குழு. இருட்டாக்கினால் பகலும் இரவும் மாறிவிடும் என்றது இன்னொரு குழு. எல்லாவற்றையும் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். காலையில் "பால், விளையாட்டு, தூக்கம்" என்றிருந்ததை மத்தியானம் அடித்து "தூக்கம், பால், விளையாட்டு" என்று மாற்றினேன். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தபடியே ஃப்ரிட்ஜைத் திறந்தேன். எதற்குத் திறந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. இடுப்பிலிருந்த அம்முவிடம் கேட்டேன். அவளும் குழம்பித்தான் இருந்தாள்.

கடைசியில் நிசப்தம்தான் வழி என்று முடிவெடுத்தேன். காலிங்பெல்லின் ஒயரைக் கழற்றினேன். குக்கருக்குத் தடை விதித்தேன். ஜன்னல்களில் கறுப்புப் போர்வை தொங்கவிட்டேன். நானும் வித்யாவும் பகல் முழுக்கக் கையால்தான் பேசினோம். அப்படியும் ஏழாவது நிமிஷம் அம்மு எழுந்துவிட்டாள்.

அன்றைக்குத்தான் உறக்கம் சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

"எடோ, உங்க குட்டி என்னத்துக்கு இப்படிக் கரையறா? என்னோட பதினொன்னே காலாக்கும் போறது!"

எங்கள் ஊர்த் தமிழில் குழந்தைகள் அழுவதில்லை, கரையும். கல்யாணமாகி வந்த புதிதில் திருச்சிக்காரி வித்யாவுக்கு இது பெரிய கவலையாக இருந்தது.

"பகல்ல தூங்கமாட்டேங்கறா சார்," என்றேன்.

"பகல்லயா?" அவர் முகத்தில் முதல்முறையாக முழு விழிப்பைப் பார்த்தேன். "ராத்திரி உறங்கறதுக்கு எந்த மண்டனாலயும் ஆகும். பகல் உறக்கம் அப்படியில்லை கேட்டோ. அதுக்கு ஒரு க்ரமம் உண்டு. மாறி நில்லு, நான் பாக்கறேன்."

அறைக்குள் நுழைந்தவர் கறுப்புப் போர்வைகளைப் பார்த்தார். "இதென்ன, எக்ஸ்ரே எடுக்கற ரூமோ? பெரியவாளுக்கே பேடியாகும், பயந்துபோயிடுவா, குட்டி எப்படி உறங்குவா? நாலு டைப்ரைட்டருக்கு நடுவுல உறங்கினவனாக்கும் நான்!" போர்வையை உருவி எறிந்தார். "இப்போ பாத்துக்கோ," என்று சொல்லி அம்முவின் பாய்க்குப் பக்கத்தில் தரையிலேயே மல்லாந்தார். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது, தூங்கிவிட்டார்.

அம்மு ஆச்சரியத்தில் அழுகையை நிறுத்தி அவரைப் பார்த்தாள். குறட்டை கிளம்பியது. அம்மு மறுபடி ஆரம்பித்தாள். தூங்காத ஒருத்தியையும் எழுந்திருக்காத ஒருத்தரையும் வைத்துக்கொண்டு நாங்கள் திருதிருவென்று விழித்தோம். அவருடைய மனைவி ஜன்னலுக்கு வெளியே நின்று, "அங்கதான் இருக்காரா? பன்னெண்டு மணிக்குத் தானா எழுந்துப்பார், நீங்க ஒண்ணும் செய்யவேண்டாம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் உறக்கம் சார் ஒரு பழைய ஃபைலோடு வந்தார். தூக்கத்துக்கு முன்னால் தினமும் ஒரே வரிசையில் நாலு காரியம் செய்ய வேண்டுமாம். அவர் ஆபீசில் ஜன்னலைப் பாதி சாத்துவார், நாற்காலியில் துண்டு போடுவார், பேனாவைத் திறப்பார், ஃபைலை விரிப்பார். நாலாவது முடிவதற்குள் தூக்கம் தானே வந்து நிற்குமாம். அம்முவுக்கும் ஜன்னலைப் பாதி சாத்தினோம், துணி மாற்றினோம், மின்விசிறியைப் போட்டோம். நாலாவதாக அவர் ஃபைலை விரித்து, மலையாளத்தில் இருந்த ஓர் அரசாங்கக் கடிதத்தை, 'சூசன' என்ற அதன் பார்வை எண்களைக்கூட விடாமல், ஒரே சுருதியில் வாசித்தார். "விஷயம்... சூசன ஒண்ணு... சூசன ரெண்டு..."

நான் கண் விழித்தபோது வித்யா சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். உறக்கம் சாரும் ஃபைலின் மேலேயே தூங்கிப்போயிருந்தார். அம்மு மட்டும் காலை உதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எழுந்ததும் அவரே குழம்பிவிட்டார். கொஞ்சநேரம் நெற்றியைத் தேய்த்தார். பிறகு வித்யாவிடம், "நீ எப்படி ரூம்லேர்ந்து வெளியில போறாய்?" என்று கேட்டார்.

"பால் குடிச்சுண்டே தூங்கிடுவா மாமா. பாய்ல விட்டுட்டு சத்தமில்லாம வந்துடுவேன்."

"சொல்லாமலா?"

"தூங்கற குழந்தைகிட்ட என்னன்னு சொல்றது?"

உறக்கம் சார் தலையில் கையை வைத்துக்கொண்டார். "சார்ஜ் கைமாறாம லீவுல போறதா! முப்பது வருஷ சர்வீஸ்ல நான் கண்டதில்லையே! ஆபீசர் லீவுல போனா, அடுத்த ஆள் பக்கத்துல உக்காந்து சார்ஜ் எடுக்கணும், எல்லாரும் அதைப் பாக்கணும், பின்னேயாக்கும் இவர் போறது. குட்டி முழிச்சுப் பாக்கறச்சே ஆபீசரையும் காணோம், இன்சார்ஜையும் காணோம். கரையாம என்ன செய்வா?"

இது ஞானமா பைத்தியமா என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. வேறு வழியும் இல்லை. அடுத்த நாளிலிருந்து தினமும் பதினொரு மணிக்கு எங்கள் வீட்டில் சார்ஜ் கைமாறியது. பால் கொடுத்து முடியும்வரை சார் வெளி அறையில் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அம்முவின் கண் பாதி சொருகும்போதே வித்யா மார்பிலிருந்து எடுத்து, "அம்மு, இனிமே அப்பா," என்று வாய்விட்டுச் சொல்லுவாள். "சார்ஜ் எடுத்துண்டேன்," என்று நான் சொல்லுவேன். சார் வந்து சாட்சியாகத் தலையாட்டிவிட்டுப் போவார். அம்முவைத் தோளில் போட்டுத் தட்டியபடி நான் நடப்பேன். வித்யா எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருப்பாள்.

முதல்நாள் அம்மு போட்ட கூச்சலில், "சார்ஜ் ஏத்துக்கலை, திரும்பக் குடு," என்று சார் வெளியிலிருந்தே தீர்ப்புச் சொன்னார். மூன்றாம்நாள் வித்யாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. அம்மாவின் வாசனை இருந்தால் ஒருவேளை தூங்குவாளோ? சட்டைக்கு மேல் வித்யாவின் நைட்டியை மாட்டிக்கொண்டேன். பெல் வேலை செய்யாததால் கூரியர்காரர் நேரே உள்ளே வந்துவிட்டார். என்னைப் பார்த்தார், பார்சலைத் தரையில் வைத்தார், கையெழுத்துக்கூட வாங்காமல் ஓடினார். உறக்கம் சார் என்னை மேலும் கீழும் பார்த்து, "யூனிஃபார்ம் ஆச்சு. நன்னாயிருக்கு," என்றார். சிரிக்கவில்லை.

இரண்டாவது வாரத்தில் அம்மு என் தோளில் பன்னிரண்டு நிமிஷம் தூங்கினாள். பிறகு வித்யா வாசற்படி வரை தள்ளி உட்கார்ந்தாள். பிறகு சமையலறைக்குப் போனாள். ஒருநாள் தூங்குவாள், இரண்டு நாள் மாட்டாள். எதனால் தூங்கினாள், எதனால் தூங்கவில்லை என்று என்னால் ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை.

வித்யா வேலைக்குத் திரும்ப வேண்டிய அந்தத் திங்கட்கிழமை வந்தது. அம்முவுக்குப் பால் கொடுத்து, "இனிமே அப்பா," என்று சொல்லிவிட்டு வித்யா கிளம்பினாள். கேட்வரை போய் இரண்டு தடவை திரும்பி வந்தாள். பதினொரு மணிக்குச் சார் வந்து உட்கார்ந்தார். பாலாடையில் பால் கொடுத்தேன். கொட்டாவி விட்டாள். ஜன்னலைப் பாதி சாத்தினேன், தோளில் போட்டேன். அவள் தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தாள், சமையலறைப் பக்கம் பார்த்தாள். உதடு பிதுங்கியது. அடுத்த நிமிஷம் அவள் அழுத அழுகையில் எனக்கு எல்லாம் மறந்துபோயிற்று. இன்று சாயங்காலம் வித்யா வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வரப்போகிறாள் என்று தோன்றியது.

"சார், இப்போ என்ன செய்யறது?"

அவர் எழுந்து நின்றார். "எனக்கு எங்கடோ தெரியும்? நான் ஒரு குட்டியையும் உறங்கப் பண்ணினதில்லை. என் பொண்ணை என் ஆத்துக்காரியாக்கும் வளர்த்தா. நான் ஆபீஸ்ல உறங்கிண்டிருந்தேன்." பிறகு, "சார்ஜ் உன்கிட்ட. நீ நட," என்றார்.

நடந்தேன். ஜன்னலிலிருந்து அலமாரிக்கு, அலமாரியிலிருந்து ஜன்னலுக்கு. வாயில் வந்த எதையோ முனகினேன். எத்தனை நடை என்று தெரியாது. விம்மல் மெல்ல மெல்ல நீண்ட மூச்சானது. தோளில் தலை கனத்தது. பாயில் மல்லாத்திப் படுக்கவைத்து, மார்பில் உள்ளங்கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். ஏழு நிமிஷம் ஆயிற்று. எட்டு ஆயிற்று. அம்மு எழுந்திருக்கவில்லை.

ஃபோன் அதிர்ந்தது. வித்யா.

"தூங்கறா," என்று கிசுகிசுத்தேன்.

"யாரு? சாரா, அம்முவா?"

"அம்மு."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். உறக்கம் சார் நாற்காலியை வாசல் நிலைக்குக் குறுக்கே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தவரை, வாயில் விரல் வைத்துக் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தியிருந்தார். மணி பதினொன்றே முக்கால். தலை தானாகச் சரிந்தது. சட்டென்று நிமிர்ந்து தன் தொடையைத் தானே கிள்ளிக்கொண்டார்.

"சார், ஆத்துக்குப் போய் உறங்குங்கோ. நான் பாத்துக்கறேன்."

"வேண்டாம். குட்டி எழுந்துக்கட்டும்."

அம்மு ஐம்பது நிமிஷம் தூங்கினாள். அந்த வாரம் முழுக்க அவர் அப்படியே வந்து உட்கார்ந்தார். ஒருநாள்கூடக் கண்ணை மூடவில்லை. வித்யா இன்றுவரை வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். உறக்கம் சார் போன வருஷம் பெண்ணோடு பெங்களூர் போய்விட்டார். எனக்கு அவரை எவ்வளவு பிடிக்கும் என்பதை ஒருதடவை நேரில் சொல்லிவிட வேண்டுமென்று அவர் கிளம்பும் முன் நாலைந்து முறை வீட்டுக்குப் போனேன். ஒவ்வொரு முறையும் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப மனசு வரவில்லை.