ரெண்டு நிமிஷ வண்டி

ஒன்பதாம் எண் பஸ்ஸை நிறுத்தப்போகும் நோட்டீஸைப் பணிமனையில் கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒட்டியிருந்தார்கள். எல்லாரும் அவசரமாகப் போகிற இடம். நின்று படித்தவர் ஒரே ஒருவர், அந்த பஸ்ஸின் கண்டக்டர்.

மானியம் குறைந்துவிட்டதாம். நஷ்டத்தில் ஓடும் தடங்களைத் தொடர முடியாதாம். திங்கள் முதல் மூன்று நாள் காலை எட்டு மணி வண்டியில் தலை எண்ணுவார்களாம். சராசரி பதினைந்துக்குக் குறைந்தால் தடம் ரத்து. கண்டக்டர் மூன்று தடவை படித்தார். அவர் வண்டியில் இப்போதெல்லாம் பன்னிரண்டு பேர் வந்தாலே அதிகம்.

பணிமனையில் அவருக்குப் பெயர் ‘ரெண்டு நிமிஷம்’. பத்தொன்பது வருடமாக அதே தடம், அதே வார்த்தை. வாத்தியார் வீட்டு வாசலில் செருப்பு கிடந்தால், "அண்ணே, ரெண்டு நிமிஷம்" என்று டிரைவரிடம் சொல்வார். வண்டி நிற்கும். வாத்தியார் பல் துலக்கும் பிரஷ்ஷோடு எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வருவார். நர்ஸம்மா, ஒரு பக்கம் மட்டும் சடை பின்னிய மகளோடு ஏறி, மறுபக்கத்தை வண்டியில் பின்னி முடிப்பாள். கண்டக்டரின் காக்கிச் சட்டையில் இருக்கும் பொத்தான்கள் எல்லாம் தையல்காரம்மா இந்த வண்டியில் வைத்துத் தைத்துக் கொடுத்தவை. அந்தக் காலத்தில் மூன்றாவது நிறுத்தத்துக்கு மேல் நிற்க இடம் இருக்காது. யார் காலை யார் மிதிக்கிறார்கள் என்பதே தெரியாது, சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்கும்.

வீட்டில் மனைவியிடம் சொன்னார்.

"நல்லதாப் போச்சு" என்றாள் அவள். "தடத்தை நிறுத்தினா உங்களைத் தவறவிட்ட பொருள் கவுன்ட்டர்ல போடுவாங்க. மின்விசிறிக்குக் கீழ உக்காந்து குடையையும் டிபன் பாக்ஸையும் பாத்துக்கலாம். கால் வலியாவது குறையும்."

"அவங்கல்லாம் எப்படிப் போவாங்க?"

"எவங்க?"

"வாத்தியார், நர்ஸம்மா, தையல்காரம்மா. என்னை நம்பி இருக்கிறவங்க."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாப்பிட வாங்க" என்றாள்.

மறுநாள் சங்கச் செயலாளரைப் போய்ப் பார்த்தார். செயலாளருக்குப் பிரச்சினை என்றால் கற்கண்டு.

"தோழர், ஸ்டிரைக் பண்ணினா நிர்வாகத்துக்குக் கொண்டாட்டம். அதனால விதிப்படி வேலை. புத்தகத்துல என்ன போட்டிருக்கோ அது மட்டும்தான். இம்மி கூடவும் கூடாது, குறையவும் கூடாது. நிர்வாகம் ஆடிப்போயிடும்."

"எப்பலேருந்து தோழர்?"

"திங்கக்கிழமை."

"அன்னிக்குத்தானே தலை எண்ணுறாங்க?"

"அதனாலதான்" என்றார் செயலாளர், மேசையைத் தட்டி.

திங்கட்கிழமை விதிப்புத்தகம் வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே உட்கார்ந்திருந்தது. செயலாளரும் கண்காணிக்க ஏறியிருந்தார். நிறுத்தம் அல்லாத இடத்தில் நிற்கக் கூடாது. நிறுத்தத்தில் அரை நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக ஒன்பதாம் எண் சொன்ன நேரத்துக்கு ஓடியது.

வாத்தியார் வீடு வந்தது. வாசலில் செருப்பு கிடந்தது. கண்டக்டர் வாயைத் திறந்தார், செயலாளர் இருமினார், வண்டி போய்விட்டது. திரும்பிப் பார்த்தால், வாத்தியார் கையில் செய்தித்தாளோடு வாசலில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். நர்ஸம்மாவும் கையை ஆட்டினாள். தையல்காரம்மா அளவு நாடாவையே ஆட்டினாள்.

"எப்படித் தவிக்கிறாங்க பாருங்க" என்றார் கண்டக்டர். அவர் கண் கலங்கிவிட்டது.

கணக்கெடுக்க வந்த பெண் அன்று எழுதியது நாலு. நாலு பேரிடமும் எங்கே போகிறீர்கள் என்று கேட்டு, படிவத்தில் அதற்கான கட்டத்தையும் நிரப்பினாள்.

அன்று சாயங்காலம் கண்டக்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். இப்போது வருகிறவர்கள், எப்போதோ வந்தவர்கள், ஒருவர் பாக்கியில்லை.

"நாளைக்கு வண்டி வாசல்ல நிக்காது. சங்கத்து உத்தரவு. நீங்கதான் ஏழே முக்காலுக்கே ஸ்டாண்டுக்கு வந்துடணும். உங்களுக்காகத்தான் இந்தப் போராட்டமே."

வாத்தியாரின் மனைவி உள்ளே திரும்பி, "நாளைக்கும் போகணுமா?" என்றாள். பாவம், வயதான மனுஷனை நினைத்துக் கவலைப்படுகிறாள் என்று கண்டக்டருக்குப் பட்டது. வாத்தியார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, "வந்துடறேன்பா" என்றார்.

செவ்வாய்க்கிழமை ஸ்டாண்டில் ஐம்பத்து மூன்று பேர். கண்டக்டருக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாரையும் ஏற்றி, விசிலை வாயில் வைத்த நேரத்தில் செயலாளர் புத்தகத்தைத் திறந்தார்.

"தோழர், நாப்பது பேர் உக்காரலாம், பத்து பேர் நிக்கலாம். மூணு பேர் கூடுதல். இறக்குங்க."

"மூணு பேர் மட்டும் இறங்கிக்கிறீங்களா?" என்று கண்டக்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

முப்பது பேர் இறங்கினார்கள். நான் நீ என்று போட்டி போட்டு இறங்கினார்கள். வாத்தியார் ஜன்னல் வழியாகவே இறங்கப் பார்த்தார்.

என்ன மனசு இவர்களுக்கு, அடுத்தவர் போகட்டும் என்று விட்டுக்கொடுக்கிறார்களே என்று கண்டக்டர் உருகிப்போனார். ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து மறுபடி ஏற்றினார். ஏற்றினால் ஐம்பத்தொன்று. ஒருவரை இறங்கச் சொன்னால் பதினெட்டுப் பேர் இறங்கினார்கள். சரியாக ஐம்பதில் கொண்டுவந்து நிறுத்தியபோது மணி எட்டு இருபது.

"கால் மணிக்கு மேல தாமதமானா அந்த வண்டி ரத்து" என்று படித்தார் செயலாளர். "பக்கம் நாப்பத்தாறு."

"அப்ப எத்தனை போடறது?" என்று கேட்டாள் கணக்கெடுக்கும் பெண்.

"ஓடாத வண்டிக்கு ஏதும்மா தலை? பூஜ்யம் போடுங்க."

அன்று கண்டக்டர் சாப்பிடவில்லை. சட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொத்தானாகத் தடவிக்கொண்டிருந்தார். மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்த வண்டின்னா அவ்வளவு உசுரா?"

"காலைல யாராவது நமக்காகக் காத்திருக்காங்கன்னு கிளம்பறது ஒரு சுகம். கவுன்ட்டர்ல குடையா காத்திருக்கும்?"

அவள் சட்டையை வாங்கி மடித்து வைத்தாள்.

புதன்கிழமை காலை கண்டக்டர் டிரைவரிடம் போனார். "அண்ணே, பழையபடி." டிரைவர் பேச்சுக்குக் கஞ்சர். முன்கண்ணாடியிலிருந்து விதிப்புத்தகத்தை எடுத்துத் தன் இருக்கையில் போட்டு, அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். செயலாளர் ஏறுவதற்குள் கண்டக்டர் ரெண்டு விசில் கொடுத்துவிட்டார்.

"கருங்காலி" என்று ஸ்டாண்டிலிருந்து ஒரு குரல் வந்தது. பத்தொன்பது வருடச் சந்தா கட்டிய மனுஷனுக்கு அது முள்ளாகத் தைத்தது. ஆனாலும் வாத்தியார் வீடு வந்துவிட்டது.

"அண்ணே, ரெண்டு நிமிஷம்."

வண்டி நின்றது. ஒவ்வொரு வாசலிலும் நின்றது. கதவைத் தட்டினார், பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நர்ஸம்மா ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டிருந்தவள் அணைத்துவிட்டு ஏறினாள். தையல்காரம்மா வீட்டுக்குள்ளேயே போட்டிருக்கும் கடையைப் பூட்டிவிட்டு ஏறினாள். அன்றைக்குப் பாதிச் சடையோடு வந்த சிறுமி இப்போது இடுப்பில் ஒரு குழந்தையோடு ஏறினாள். மறுபடியும் யார் காலை யாரோ மிதித்தார்கள், மறுபடியும் சிரிப்புச் சத்தம். கடைசிக்கு முந்தைய நிறுத்தத்தில் கைப்பையோடு நின்றவளைப் பார்த்துக் கண்டக்டர் திகைத்தார். அவர் மனைவி.

"என்ன பாக்கறீங்க? எனக்கும் ஒரு டிக்கெட் கொடுங்க" என்றாள்.

கணக்கெடுக்கும் பெண் கூட்டத்தில் நசுங்கி நசுங்கி ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதினாள். கடைசி நிறுத்தம் வந்தது. யாரும் இறங்கவில்லை. முடிவு தெரிந்துகொள்ளத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கண்டக்டர் நினைத்தார்.

"நாலு, பூஜ்யம், நாப்பத்தொண்ணு" என்று கூட்டினாள் அந்தப் பெண். "மூணால வகுத்தா சரியா பதினஞ்சு சார். தடம் தப்பிச்சுது."

வண்டியே கைதட்டியது. கண்டக்டர் அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்திக்கொண்டார்.

"நல்லா எழுதிக்கம்மா. இத்தனை பேருக்கு இந்த வண்டியை விட்டா வேற கதி இல்ல."

அவள் பென்சிலைக் கன்னத்தில் தட்டிக்கொண்டு, அவர் காதருகே குனிந்து மெதுவாகக் கேட்டாள்:

"சார், ‘போகும் இடம்’னு ஒரு கட்டம் இருக்கு, அதுல என்ன எழுதறது? உங்க வீட்டம்மா உட்பட நாப்பத்தொரு பேரும் ஒரே பதில்தான் சொல்றாங்க: ‘எங்கயும் போகலம்மா, பாவம், அவர் நமக்காக வண்டியை நிறுத்திடறார், ஏறலன்னா மனசு கஷ்டப்படுவார்.’"