லீடர் அங்கிளும் ஆறு லேன் ரோடும்

டெக்சாஸில் காரில் போகாமல் நடந்து போன குற்றத்துக்காகப் போலீஸ் நிறுத்திய ஒரே மனிதர் லீடர் அங்கிள்தான் என்று அடித்துச் சொல்வேன். இங்கிலாந்திலிருந்து வந்து, இர்விங்கில் எங்கள் அபார்ட்மெண்டில் மகளோடு தங்கியிருந்தார். ஒரு கையில் வெயிலுக்குக் குடை, மறு கையில் நோட்டு. உடைந்த தெருவிளக்கையெல்லாம் குறித்துக்கொண்டே போவார். "கார் ரிப்பேரா?" என்று விசாரித்த போலீஸ்காரரிடமே ஒரு விளக்கைக் காட்டிப் புகார் கொடுத்துவிட்டு வந்தவர்.

இங்கிலாந்தில் பஸ் கண்டக்டராகத் தொடங்கி, ஒரு நகர கவுன்சிலுக்குப் பதினெட்டு வருடம் தலைவராக இருந்தவர். "மேயரா அங்கிள்?" என்றால் முகம் சிவந்துவிடும். "மேயர் ரிப்பன் வெட்டுவார்ப்பா. ரோடு போட்டது நான்!"

வீட்டில் சாம்பாரா ரசமா என்பதற்கும் ஓட்டெடுப்புதான்.

"இருக்கறதே ரெண்டு பேரு. ஆளுக்கொரு ஓட்டு, டை ஆயிடும்பா" என்பாள் மகள்.

"டை ஆனா தலைவருக்கு இன்னொரு ஓட்டு உண்டும்மா."

தினமும் ரசம்.

சனிக்கிழமை காலை, எல்லோரும் துணி துவைக்க வரும் பொது லாண்ட்ரி ரூமில் உட்கார்ந்து குறை கேட்பார். என் குறை இது: எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். ஆனாலும் டிரைவிங் டெஸ்டில் மூன்று முறை ஃபெயில், காரில் போக வழியில்லை. ஆபீஸ் எதிர்ப்பக்கம்தான், நடுவில் ஆறு லேன் ரோடு, கடக்க சிக்னல் கிடையாது. லேட்டாகப் போய்ப் போய் மேனேஜர் கடைசி எச்சரிக்கையும் கொடுத்தாயிற்று. வேலை போனால் விசாவும் போகும்.

"சிக்னல் கேட்டு மனு போடுவோம். நான் முன்மொழியறேன், நீ வழிமொழி" என்றார். கையெழுத்துப் போடாத யாரையும் டிரையரிலிருந்து துணி எடுக்க விடவில்லை.

சிட்டி ஹாலில் கவுன்சில் கூட்டத்தில் பேச ஆளுக்கு மூன்று நிமிடம். அங்கிள் உறுப்பினர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

"போப்பா, அடுத்த பேரு உன்னுது."

"ஐயோ அங்கிள், இத்தனை பேர் முன்னாடி இங்கிலீஷ்லயா?"

"காலைல எப்படி கிராஸ் பண்றே? அத மட்டும் சொல்லு."

ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறேன் என்றேன். சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. சிக்னல் வரும், ஆறு மாதம் ஆகும் என்றார்கள்.

"ஆறு மாசமா? உன் மேனேஜர் ஆறு நாள் தாங்க மாட்டாரே!"

மறுநாள் காலை முதல், என்னைப் பின்னால் நிறுத்திக்கொண்டு, அங்கிள் குடையை நீட்டி ஆறு லேனையும் நிறுத்தினார். ஹார்ன் அடித்தவர்களுக்கும் வணக்கம் வைத்தார். ஒரு நாள்கூட நான் லேட்டாகவில்லை.

சிக்னல் வந்தபோது அவர் இங்கிலாந்து திரும்பியிருந்தார். ரிப்பன் வெட்ட எந்த மேயரும் வரவில்லை. பட்டனை நான்தான் அமுக்கினேன். ஆறு லேனும் ஒழுங்காக நின்றது. எனக்குத்தான் கால் நகரவில்லை, குடையைத் தேடிக்கொண்டிருந்தேன்.