சுரங்க எண் ஒன்று: சிலம்பாயியின் வயிறு

ஒரு காட்டில், அதைக் காடு என்று யாராவது சொன்னால் "இப்ப நாங்க பேரூராட்சிங்க" என்று முறைத்துத் திருத்துகிற ஒரு காட்டில், சிலம்பாயி என்றோர் அழுங்கு இருந்தாள். அழுங்கு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், எறும்புத்தின்னி. உடம்பெல்லாம் ஓடு வேய்ந்த மாதிரி செதில். பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்வாள். வாயில் பேருக்குக்கூட ஒரு பல் கிடையாது. பல் இல்லாதவள் தின்ற கறையானை எப்படி அரைப்பாள்? அதற்காகத் தினமும் காலையில் ஓடைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, கூழாங்கல்லில் பொடிசாக நாலு பொறுக்கி விழுங்கிவிட்டு வருவாள். வயிற்றுக்குள் அதுதான் அவளுக்கு அம்மிக்கல். யாருக்கும் அதனால் ஒரு தொந்தரவும் இல்லை.

அந்த ஊரின் பெயர் கொன்றைக்கரடு. தங்க வேட்டை நடந்த ஊர் என்று இப்போது எல்லையில் ஒரு வரலாற்றுப் பலகை நட்டு, அதன் பக்கத்தில் நின்று படம் வேறு எடுத்துக்கொள்கிறார்கள். பலகையில் எழுதியிருப்பதில் ஊர்ப் பெயரைத் தவிர மற்றதெல்லாம் சரடு. நடந்தது எனக்குத் தெரியும். ஆகவே பலகையை விடுங்கள், என்னைக் கேளுங்கள்.

முதலில் அந்த ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முகத்தைச் சுளிக்கக் கூடாது. கொன்றைக்கரட்டில் நிலத்துக்குப் பட்டா, பத்திரம், வில்லங்கம் எதுவும் கிடையாது. யாருடைய சாணம் எங்கே கிடக்கிறதோ அந்த இடம் அவருடையது. ஒரே இடத்தில் இரண்டு பேர் போட்டிருந்தால், கடைசியாகப் போட்டவர்தான் சொந்தக்காரர். மழையில் கரைந்துபோனால் மறுபடி போய்ப் புதுப்பித்துவிட்டு வர வேண்டும். அந்த ஊரில் யானைகள் எல்லாம் பெரிய மிராசுதார்களாக இருந்ததற்கும் காரணம் இதுதான், வேறு உழைப்பு ஒன்றும் இல்லை.

ஒருநாள் செங்கோடன் என்கிற காட்டுப்பன்றி தன் கிழங்குக் காட்டுக்குப் போனபோது நட்ட நடுவில் சிலம்பாயியின் புழுக்கை கிடந்தது. ஆக்கிரமிப்பு! பாவம், அவள் வழியில் அவசரத்துக்கு ஒதுங்கியவள், நிலம் பிடிக்க வந்தவள் இல்லை. செங்கோடனுக்கு அதெல்லாம் தெரியுமா? கண்டபடி திட்டிக்கொண்டே காலால் எத்தித் தள்ளினான். உள்ளே மஞ்சளாக ஏதோ மின்னியது. கழுவிப் பார்த்தால் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கல். அந்தப் பக்கமாகப் பறந்த காக்கையை நிறுத்தி இது என்னவென்று கேட்டான். காக்கை டவுனுக்குப் போய் வருகிறவள். இதுக்குப் பேர் தங்கமுங்க, டவுனில் மனுசர்கள் இதுக்காகக் காலையிலேயே வந்து வரிசையில் நிற்கிறார்கள் என்றாள்.

தங்கம் தின்னத் தக்கதா, உடுத்தத் தக்கதா, அதை வைத்து என்ன செய்வது என்று ஒருவரும் கேட்கவில்லை. வரிசையில் நிற்கிறார்கள் என்றதே போதுமாக இருந்தது. மறுநாள் விடிவதற்குள் செங்கோடன் வீட்டு வாசலிலிருந்து ஆலமரம் வரைக்கும் வரிசை. நடுவில் நின்ற முயல் ஒன்றைக் கேட்டால் முன்னால் நிற்கிறவரைக் கேளுங்கள் என்றது. முன்னால் நின்ற மான் பின்னால் கையைக் காட்டியது. இவ்வளவு நல்ல வரிசை வீணாகப் போகலாமா? அதன் தலைமாட்டில் ஒரு சுரங்க ஆபீசைத் திறந்தார்கள். ஆபீசராகச் சடையாண்டி என்கிற தேவாங்கு வந்து உட்கார்ந்தார். பெரிய கண், சின்ன உடம்பு, ஒரு தாளைத் திருப்ப அரை நாள் எடுத்துக்கொள்வார். ஆபீசர் என்றால் இவரல்லவோ ஆபீசர் என்று ஊரே மெச்சியது.

முதல் மனு செங்கோடனுடையது. படிவத்தில் 'தங்கம் கிடைத்த இடம்' என்று ஒரு கட்டம் இருந்தது. தன் கிழங்குக் காடு என்று எழுதினால் ஊரே வந்து காட்டைப் புரட்டிவிடும், கிழங்கு போய்விடும் என்று அவனுக்குப் பயம். யோசித்து யோசித்து 'சிலம்பாயியின் வயிறு' என்று எழுதிவிட்டான். சடையாண்டி படித்தார், தலையாட்டினார், முத்திரை குத்தினார். சுரங்க எண் ஒன்று பதிவாகிவிட்டது. எட்டாம் நாள் சுரங்கத்தைத் தோண்டித் திறக்கவில்லையென்றால் உரிமம் ரத்து என்பது விதி.

அன்று மத்தியானம் புற்றடியில் உண்ட களைப்பில் சாய்ந்திருந்த சிலம்பாயியின் முதுகில் யாரோ எதையோ ஒட்டிவிட்டுப் போனார்கள். தன் முதுகு தனக்குத் தெரியாதே. பார்க்கிறவர்கள் எல்லாரும் முதுகைப் படித்துவிட்டு அவள் வயிற்றைப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு முயல்தான் மெல்லப் படித்துச் சொன்னது: 'இங்கே தோண்ட அனுமதி வழங்கப்பட்டுள்ளது.' கேட்டதும் சிலம்பாயி குனிந்து தன் வயிற்றைப் பார்த்தாள். ஊரார் கிழிக்கப் போவது அந்த வயிற்றைத்தான்.

ஓடினாள் ஆபீசுக்கு. வரிசையில் நின்றாள். அவள் முறை வந்ததும் சடையாண்டி மேசை மணியை டங்கென்று தட்டினார். திடுக்கிட்டுச் சுருண்டவள் சரிவில் உருண்டு வரிசையின் கடைசிக்கே போய்விட்டாள். மறுபடி நின்றாள், மறுபடி மணி, மறுபடி உருண்டாள். மூன்று நாள் இப்படியே கழிந்தது. நாலாம் நாள் அவள் பின்னால் நின்ற ஆமை இரக்கப்பட்டு முட்டுக்கொடுத்ததால் ஒருவழியாக மேசை முன்னால் நிலைத்து நின்றாள்.

"நான் சுரங்கம் இல்லீங்க சார். அழுங்குங்க" என்றாள்.

சடையாண்டி பதிவேட்டை ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். சாயங்காலம் ஆயிற்று. "சுரங்கம்னுதானே பதிவாகியிருக்கு. சுரங்கம் மனுக் கொடுக்க விதியில்லையே, அம்மா" என்றார். குரலில் உண்மையிலேயே வருத்தம் இருந்தது.

அவள் விடவில்லை. அந்தக் கல் தன் வயிற்றில் விளையவில்லை, ஓடையில் கிடக்கிறது, தான் அதைப் பொறுக்கி விழுங்குகிறவள், யார் வேண்டுமானாலும் போய்க் குனிந்து எடுத்துக்கொள்ளலாம் என்று சத்தியம் செய்தாள். ஓடையைப் பற்றி மனு ஏதும் வரவில்லை, வந்தால் பார்க்கலாம் என்றார் அவர். வெளியே வந்து வரிசையில் நின்றவர்களிடம் சொன்னாள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டார்கள். வயிற்றைக் காப்பாற்றக் கதை விடுகிறாள், குனிந்து எடுக்கிற பொருளுக்கு எவனாவது வரிசையில் நிற்பானா என்று பேசிக்கொண்டார்கள். செங்கோடனைத் தேடிப் போய்க் கெஞ்சினாள். "அம்மணி, எனக்கு உங்க மேல ஒரு கோவமும் இல்லீங்க. உரிமம் வீணாப் போயிருமுங்களே" என்று அவன் கண்கலங்கினான். கலங்கிக்கொண்டே கடப்பாரைக்குச் சாணை பிடித்தான்.

இதற்குள் ஊர் பெருத்துவிட்டது. பக்கத்துக் காடுகளிலிருந்தெல்லாம் சாரி சாரியாக வந்து இறங்கினார்கள். முயல்கள் வளைக்குள் லாட்ஜ் நடத்தின. குரங்குகள் டீக்கடை போட்டு, டீ எப்படிப் போடுவது என்று தெரியாததால் வெந்நீரை ஆற்றி ஆற்றிக் கொடுத்தன. ஊரில் பாதிப் பேர் சிலம்பாயியின் பின்னாலேயே முறத்தோடு நடந்தார்கள். எட்டாம் நாள் வயிறு செங்கோடனுக்கு, அதுவரைக்கும் கீழே விழுவது முறத்தில் பிடிக்கிறவர்களுக்கு. அவள் வழக்கம்போல ஓடைக்குப் போய்க் கல்லைப் பொறுக்கி விழுங்கியபோதும் கூட்டம் கூடவே நின்றது. எல்லாருடைய கண்ணும் அவள் பின்பக்கத்திலேயே இருந்ததால், முன்பக்கம் நடந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் முறத்தில் ஒரு மஞ்சள் பொட்டு விழுந்தது. அவ்வளவுதான், ஊருக்கே பைத்தியம் பிடித்துவிட்டது.

அதற்கப்புறம் ஆளாளுக்கு அவளைத் தங்கள் இடத்துக்கு அழைத்தார்கள். எங்க வாசலுக்கு வாங்க, எங்க தோப்புக்கு வாங்க என்று இழுபறி. என் இடத்தில் விழுந்தால் தங்கம் எனக்கு என்று ஒவ்வொருவருக்கும் கணக்கு. முயலும் மானும் அவளை ஆளுக்கொரு பக்கம் இழுத்துச் சண்டை போட்டபோதுதான் சிலம்பாயிக்கு மண்டையில் உறைத்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தங்கள் நிலத்தை எனக்கு எழுதிவைக்கிறார்களே, இந்தக் கூறுகெட்ட ஜனங்கள்!

அவள் அழுகையை நிறுத்தினாள். கால் வலிக்கிறது, பல்லக்கு வேண்டும் என்றாள். வந்தது. பசிக்கிறது என்றாள். கறையான் கூடை கூடையாக வந்தது. வயிறு முட்டத் தின்றாள், அதற்கு மேலும் தின்றாள். ஒரு வீட்டையும் ஒதுக்க வேண்டாம், யார் மனமும் நோகக் கூடாது என்று பல்லக்குத் தூக்கிகளிடம் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டாள். தோப்பு, துரவு, டீக்கடை வாசல், யானைகளின் பரந்த மேய்ச்சல், சுரங்க ஆபீசின் படிக்கட்டு என்று ஒன்று பாக்கியில்லை. இரண்டரை நாள் சுற்றியதில் அவளுக்கு உடம்பே பாதியாகிவிட்டது, இருந்தாலும் அவள் ஓயவில்லை.

எட்டாம் நாள் வந்தது. கிழங்குக் காட்டில் ஊரே கூடிவிட்டது. குரங்குகள் பொரி விற்றன. சிலம்பாயியை நடுவில் மல்லாத்திக் கிடத்தினார்கள். சுருளாமல் இருக்க நாலு கரடிகள் காலுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டன. போட்ட திட்டமெல்லாம் அவளுக்கு மறந்துபோயிற்று. செங்கோடன் கடப்பாரையை ஓங்கினான். கூடையில் தூக்கி வந்திருந்த சடையாண்டி, கட்டம் ஒன்று பாக்கி என்று கையைத் தூக்கினார்.

"பதினாலாவது கட்டம். நில உரிமையாளர் சம்மதம்."

இது என் காடுதானே என்றான் செங்கோடன். சடையாண்டி கூடைக்கு வெளியே தலையை நீட்டி முகர்ந்தார். செங்கோடனும் முகர்ந்தான், முகம் வெளுத்தான். அங்கே கிடந்தது எல்லாம் சிலம்பாயியுடையது. சரி, மான் தோப்பில் வைத்துத் தோண்டலாம் என்று அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதுவும் அவளுடையது. மேய்ச்சல், டீக்கடை, ஆபீஸ், மூத்திரச் சந்து வரைக்கும் போய்ப் பார்த்தார்கள். எங்கும் அவள்தான். புதுப்பித்தால் போயிற்று, யாராவது உடனே உட்காருங்கள் என்று செங்கோடன் கத்தினான். ஊரே உட்கார்ந்தது, முக்கியது. எட்டு நாளாகச் சோறு தண்ணீர் மறந்து வரிசையில் நின்றவர்கள் வயிற்றில் என்ன இருக்கும்? யானைகளே வெறுங்கையோடு எழுந்தன.

சடையாண்டி அவள் பக்கம் திரும்பி, "சம்மதமா, அம்மா?" என்று கேட்டார். சுரங்கம் மனுக் கொடுக்கத்தான் விதியில்லை, நிலம் வைத்திருக்கத் தடையில்லை என்று தானாகவே விளக்கமும் சொன்னார்.

"இல்லீங்க சார்" என்றாள் சிலம்பாயி. கரடிகள் காலை விட்டன. விட்டதும் அவள் சுருண்டு, அந்தச் சுருளுக்குள்ளேயே தேம்பித் தேம்பி அழுதாள்.

ஆபத்து அதோடு போயிற்று என்று நினைத்தால் அது தப்பு. மறுநாள் காலையில் அவள் வாசலில் அதே வரிசை. நீங்கள்தான் ஊருக்கே சொந்தக்காரி, அடுத்து எங்கே தோண்டட்டும் என்று கேட்டு நின்றார்கள், கையில் கடப்பாரை. அவள் மறுபடியும் ஓடையைச் சொன்னாள். நல்லா விளையாடறீங்க அம்மணி என்று சிரித்துவிட்டு, பழையபடி அவள் வயிற்றை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். சிலம்பாயி விறுவிறுவென்று சுரங்க ஆபீசுக்குப் போனாள். சடையாண்டியிடம் புதிதாக ஒரு படிவம் அச்சடிக்கச் சொன்னாள்.

படிவத்தின் தலையில் கொட்டை எழுத்தில் இப்படி இருந்தது: 'தங்கம் ஓடையில், படித்துறைக்குக் கிழக்கே, கணுக்கால் ஆழத்தில் கிடக்கிறது. குனிந்து எடுத்துக்கொள்ளவும். தோண்ட வேண்டாம்.' அதன் கீழே பெயர், தகப்பனார் பெயர், வால் நீளம் என்று நாற்பது கட்டங்கள்.

முதலில் வாங்கியவன் செங்கோடன். வால் நீளத்தை மூன்று தரம் அளந்து எழுதினான். சந்தேகத்துக்கு இன்னொரு தரம் அளந்தான். நாற்பது கட்டத்தையும் நிரப்பிவிட்டு, பயபக்தியோடு படிவத்தை அவளிடம் நீட்டினான்.

"எல்லாம் சரியாப் படிச்சீங்களாண்ணா?" என்று கேட்டாள் சிலம்பாயி.

"படிக்கறதுக்கு என்னங்க அம்மணி இருக்குது? கால்ரேகை எங்க வெக்கோணும், அதச் சொல்லுங்க" என்றான் செங்கோடன்.

நீதி: உண்மையை வாயால் சொன்னால் வயிற்றைக் கிழிப்பார்கள். அதையே படிவத்தில் அச்சடித்துக் கொடுங்கள். மூன்று நகல் எடுத்து வைத்துக்கொண்டு, கடைசிவரை உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள்.