சென்ரர் விளையாடிய விசில் அக்கா

இத்தாலியின் பலேர்மோவில் இருக்கிற தமிழரில், வாழ்நாளில் ஒரு தடவைகூடச் சரியாகத் தீர்ப்புச் சொல்லாதவரும், சொன்ன தீர்ப்பில் ஒரு தடவைகூடச் சந்தேகப்படாதவரும் ஒரே ஆள்தான். எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருக்கும் விசில் அக்கா.

எங்கள் அல்பெர்கேரியாப் பகுதியின் ஒடுங்கிய சந்துகளில் அவரைத் தெரியாதவர் கிடையாது. அவருடைய சொந்தப் பெயர் தெரிந்தவரும் கிடையாது. தாலிக்கொடியோடு சேர்த்து ஒரு விசிலையும் கழுத்தில் மாட்டியிருப்பார். “அக்கா, உதென்ன கோலம்?” என்று நான் வந்த புதிதில் கேட்டுவிட்டேன். “ஒண்டு புருசனுக்கு, மற்றது ஊருக்கு” என்றார்.

ஊருக்கு என்று சொன்னது வெறும் பேச்சில்லை. பல்லாரோ சந்தையில் மீன் வாங்க நிற்கும்போது யாராவது இடையில் புகுந்தால் விசில் பறக்கும். ஒருநாள் அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பின்னால் வந்த ஸ்கூட்டர்க்காரன் சடாரென்று நிறுத்தி, லைசென்சை எடுத்து நீட்டினான். அக்கா அதை வாங்கி, முன்னும் பின்னும் பார்த்து, “படம் சரியில்லை” என்று திருப்பிக் கொடுத்தார். அவனும் நன்றி சொல்லிவிட்டுப் போனான். கடவுளே, சிரிப்பை அடக்க நான் மீன் பையால் முகத்தை மூடவேண்டியதாயிற்று.

ஒரு கலியாண வீட்டில் தாலி கட்டும் நேரத்தில் கமராக்காரர் நாலு பேரும் மணவறையை மறைத்துக்கொண்டு நின்றார்கள். விசில்! “ஓவ்சைட்! நாலு பேரும் ஓவ்சைட்! பின்னுக்குப் போங்கோ!” கெட்டிமேளம் நின்றுவிட்டது. மாப்பிள்ளை தாலிக்கொடியைக் கையில் பிடித்தபடி அப்படியே உறைந்துபோனார். “தம்பி, நீர் விளையாடும்” என்று அக்கா கையைக் காட்டிய பிறகுதான் அந்தப் பிள்ளைக்குக் கலியாணம் நடந்தது.

விஷயம் இதுதான். அக்கா யாழ்ப்பாணத்தில் படிக்கும்போது வலைப்பந்து விளையாடியவர். நெற்போல். அந்த விளையாட்டில் பந்தைப் பிடித்தால் அதோடு ஓடக் கூடாது, வைத்துக்கொண்டு நிற்கவும் கூடாது, உடனே அடுத்தவளுக்கு எறிய வேண்டும். இந்தச் சட்டத்தைத்தான் அக்கா உலகத்துக்கு முழுக்கப் போட்டுவைத்திருந்தார். கையில் கிடைத்ததை உடனே அடுத்தவருக்குக் கொடுப்பவர் நல்லவர், வைத்துக்கொண்டு ஓடுபவர் கள்ளர். இதை வைத்தே ஆட்களுக்குத் தீர்ப்பு. போர்கோ வெக்கியோவில் ஒரு பெடியன் கடை திறந்தபோது, “மிச்சக் காசை மெல்லமாத் தாறான், சரிவராது” என்றார். அவன் இப்போது இரண்டாவது கடையும் திறந்துவிட்டான். இன்னொருவன் கோயிலில் பிரசாதத்தைப் பறந்து பறந்து கொடுத்ததைப் பார்த்து, “இவன் சாமியாராத்தான் போவான்” என்றார். அவன் பச்சை குத்துகிற கடை வைத்திருக்கிறான். இதையெல்லாம் எடுத்துச் சொன்னால், “பொறு, இன்னும் விளையாட்டு முடியேல்லை” என்பார்.

இந்த அக்காவின் கண் முன்னால்தான் என் மகள் ஆரணி கூடைப்பந்து விளையாடத் தொடங்கினாள்.

ஆரணி கார்ட். அதாவது பந்தைத் தன் பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டு மேலே கொண்டுபோய், யாருக்குக் கொடுப்பது என்று ஓடுகிற ஓட்டத்திலேயே முடிவெடுக்கிறவள். அணியில் ஆகச் சின்ன உருவம் இவள்தான். இத்தாலிக்காரர் இதைக் கார்டியா என்பார்கள். அந்தச் சொல்லாலேயே வீட்டில் முதல் பூகம்பம். துறைமுகத்தில் சாமான் ஏற்றி இறக்குகிற என் கணவருக்குக் கார்டியா என்றால் வாசலில் நிற்கிற காவல்காரன்தான். அமெரிக்காவில் ஒரு கொலிஜ் இவளைக் கார்டியாவாக எடுக்க யோசிக்கிறது என்று ஆரணி சொன்னதும், “செக்யூரிட்டி வேலைக்கு அவ்வளவு தூரம் போகவேணுமே? நான் கதைச்சுத் துறைமுகத்திலையே எடுத்துத் தாறன்” என்றார். நான் வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோராவிடம் சொன்னால் அவர் வேறு மாதிரி. இத்தாலியில் கொலேஜோ என்றால் அடங்காத பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுகிற விடுதி. சிஞ்ஞோரா என் கையைப் பிடித்து, “பாவம், பிள்ளை என்ன செய்துபோட்டாள்?” என்று கண் கலங்கினார்.

பகிடி ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் கொலிஜ் எடுத்தால் படிப்புச் செலவு முழுக்க அவர்களுடையது. எடுக்காவிட்டால் எங்கள் இருவரின் சம்பளத்தில் அவள் நினைத்த படிப்பு நினைப்பாகவே நின்றுவிடும். பள்ளிக்கூட அளவில் கெட்டிக்காரிதான். அங்கே போய்த் தாக்குப்பிடிப்பாளா? எனக்குத் தெரியாது, அவள் அப்பாவுக்கும் தெரியாது. தெரியும் என்று சொன்னவர் ஒருவர்தான்.

“சரிவராது” என்றார் விசில் அக்கா. “வடிவான பிள்ளை, நல்ல பிள்ளை. ஆனால் பந்தோட ஓடுறாள். பந்தோட ஓடுறவள் எங்கையும் உருப்படமாட்டாள்.”

“அன்ரி, கூடைப்பந்திலை ஓடலாம்” என்றாள் ஆரணி.

“அப்ப அந்த விளையாட்டே பிழை.”

இவ்வளவு சொல்கிறவர் ஒரு ஆட்டத்தையாவது பார்க்காமல் விட்டாரா? இல்லை. வேலை முடிந்த கையோடு, கையில் தரை துடைக்கிற மருந்து மணக்க, பலெஸ்த்ரா என்கிற விளையாட்டு மண்டபத்தின் முன்வரிசையில் வந்து குந்திவிடுவார். பிறகு கச்சேரிதான். “ஸ்டெப்ஸ்! ஸ்டெப்ஸ்! எடியே, அது நடை! ஏனடி அவளைக் கட்டிப்பிடிக்கிறாய், அவள் உன்ரை மச்சாளோ? குடு! குடு! குடு!” நடுவர் முதல் ஆட்டத்திலேயே வந்து விசிலைப் பறித்து, முடிந்த பிறகுதான் திருப்பிக் கொடுத்தார். குரலை அவரால் பறிக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த சிசிலிக்காரத் தாய் தகப்பன்மார் குடு என்பது பிள்ளையின் பெயர் என்று நினைத்துவிட்டார்கள். மாசக் கணக்காகப் பலெஸ்த்ரா முழுக்க “குதூ! குதூ!” என்று கத்தியது.

எதிரணிக்குப் பந்து போனால் அக்காவின் தொண்டை இரட்டிப்பாகும். ஆரணி ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. பறிகொடுத்த பந்துக்குப் பின்னாலேயே ஓடுவாள். எனக்குத்தான் வெட்கமாக இருக்கும். நான் பாதி ஆட்டத்தைச் சீலைத் தலைப்புக்குள் முகத்தை வைத்துக்கொண்டுதான் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்கக் கோச்சிடமிருந்து தகவல் வந்தது. அது ஒரு பெண். ஆரணி புள்ளி எடுத்த இடங்களை மட்டும் வெட்டி ஒட்டி அனுப்பிய வீடியோ தனக்கு வேண்டாமாம். அப்படி வெட்டினால் யாரும் கெட்டிக்காரிதானாம். ஒரு முழு ஆட்டம், எதையும் வெட்டாமல், சத்தத்தோடு வேண்டுமாம்.

சத்தத்தோடு! ஐயோ என்று இருந்தது எனக்கு. என் கைபேசியில் எடுத்தது, எனக்குப் பக்கத்தில் இருந்தது யார் என்று சொல்லத் தேவையில்லை. வேறு வீடியோவும் இல்லை. அதையே அனுப்பினோம். அந்த ஆட்டத்தில் ஆரணியின் அணி தோற்றும் இருந்தது. இனி எங்கே கூப்பிடப் போகிறார்கள் என்று நான் மனதுக்குள் கதையை மூடிவிட்டேன்.

கூப்பிட்டார்கள். வீடியோவில், எங்கள் குசினி மேசைக்கு முன்னால், ஆரணி முகத்தைக் கழுவித் தலையை இழுத்துக் கட்டிக்கொண்டு இருந்தாள். கோச் சுகம் விசாரித்தார், படிப்பைக் கேட்டார். அடுத்ததாகக் கேட்டது இதுதான்: “அந்த வீடியோவில் கத்துகிற பெண் யார்?”

ஆரணி அதைத் தமிழில் சொன்னதும் நான் சீலைத் தலைப்பைத் தேடினேன். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. வெங்காயம் கடன் கேட்க வந்தாராம். விசில் அக்கா கைபேசித் திரையைப் பார்த்தார், கதிரையை இழுத்துப்போட்டு நடுவில் இருந்தார்.

“நீங்களும் விளையாடுவீர்களா?” என்று கோச் ஆங்கிலத்தில் கேட்டார்.

அக்கா நிமிர்ந்தார். “ஐ பிளே கொலிஜ். சென்ரர். கப்ரின்.”

இந்த இடத்தில் வாசகர்களுக்கு ஒன்றை விளக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் கொலிஜ் என்றால் பள்ளிக்கூடம். ஆறாம் வகுப்புப் பிள்ளையும் கொலிஜில்தான் படிக்கிறது. வலைப்பந்தில் சென்ரர் என்றால் மைதானம் முழுக்க எலி மாதிரி ஓடித் திரிகிற கட்டைப் பெட்டை. அமெரிக்காவிலோ கொலிஜ் என்றால் பல்கலைக்கழகம், கூடைப்பந்தில் சென்ரர் என்றால் அணியிலேயே ஆக உயர்ந்தவள். அக்கா சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. கதிரையில் இருந்தபடியால் அவர் என் தோளுக்குத்தான் வருவார் என்பது திரையில் தெரியவில்லை.

கோச்சின் முகம் மாறிவிட்டது. “கொலிஜ் அணியில் சென்ரரா! அப்படியானால் உங்களிடமே கேட்கிறேன். இந்தப் பிள்ளையால் கொலிஜில் விளையாட முடியுமா? உண்மையைச் சொல்லுங்கள்.”

“உண்மையைச் சொல்லட்டோ?” என்று அக்கா என்னைப் பார்த்தார். நான் மேசைக்குக் கீழே அவருடைய தொடையில் கிள்ளினேன். “ஏனடி கிள்ளுறாய்?” என்று கோச்சுக்கும் கேட்கக் கேட்டார். பிறகு தொடங்கினார்.

ஆரணி மொழிபெயர்த்தாள். தன்னைப் பற்றிய குற்றப்பத்திரிகையைத் தானே ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள் என் பிள்ளை! இடது கை வேலை செய்யாது. களைத்தால் கண்ணைக் கீழே போட்டுவிடுவாள். பலகையில் பட்டு விழுகிறதையெல்லாம் கோல் என்று நினைக்கிறாள். பந்தைக் கெதியாக விடமாட்டாள். சாப்பாடு காணாது. பலகை என்ற இடத்தில் மட்டும் மொழிபெயர்ப்பு நின்றது.

“அன்ரி, அது பிழை. வலைப்பந்திலைதான் பலகை இல்லை, இதிலை பட்டு விழுந்தாலும் கோல். மற்றதெல்லாம் சரி.”

“மற்றதெல்லாம் சரியெண்டு ஒத்துக்கொள்ளுறாய் என்ன?”

“ஓம் அன்ரி. இடது கைக்கு ஒவ்வொரு நாளும் பழகிறன்தானே.”

“அப்ப சொல்லு அவவுக்கு, சரிவராது எண்டு.”

ஆரணி அதையும் சொன்னாள். குரல் கொஞ்சம் இறங்கியது, ஆனால் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்காவை அப்படியே கதிரையோடு தூக்கிச் சந்துக்குள் போட வேண்டும் போல இருந்தது.

கோச் சிரித்தார். அவர் அக்காவைப் பார்க்கவே இல்லை, முழு நேரமும் ஆரணியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் சொன்னதை ஆரணி பிறகு எனக்கு ஆறுதலாகச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் கார்ட் விளையாடுகிற பிள்ளைக்குப் பந்து எப்போதும் கையில் இருக்கும், எல்லோரும் கைதட்டுவார்கள். கொலிஜுக்கு வந்தால் எல்லோரும் அவளைவிட வேகம். பந்து பறிபோகும், வெளியே வாங்கில் இருத்துவார்கள், தானும் கத்துவாராம். முக்கால்வாசிப் பேர் அங்கேதான் உடைந்துபோகிறார்கள். கையைத் தன்னால் பழக்க முடியும், பிழை விட்ட பிறகு முகம் எப்படி இருக்கிறது என்பதைப் பழக்க முடியாது. “இவளைவிட நன்றாக எறிகிற கார்ட் பிள்ளைகள் என்னிடம் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கத்துகிற அம்மாவுக்குப் பக்கத்தில் வருசக் கணக்காக விளையாடித் தப்பியவள் யாரும் இல்லை. நான் அவ்வளவு கத்தமாட்டேன். இவள் வரட்டும்.”

என் கணவர் அன்று துறைமுகத்தில் எல்லோருக்கும் கோப்பி வாங்கிக் கொடுத்தார். அக்கா தன் தீர்ப்பிலிருந்து அசையவில்லை. விமான நிலையத்தில் வழியனுப்பும்போதும் ஆரணியின் இரண்டு கன்னத்தையும் பிடித்துக் கொஞ்சிவிட்டு, என் பக்கம் திரும்பி, “மார்கழிக்குள்ள திரும்பி வந்திடுவாள். அவளின்ரை கட்டிலை ஆருக்கும் குடுத்திடாதை” என்றார்.

மார்கழி வந்தது, பிள்ளை வரவில்லை. அவள் போன் எடுத்தபோதெல்லாம், “இன்னும் வெளியிலதான் இருத்தி வைச்சிருக்கினம் அம்மா” என்றாள். நான் போனை வைத்துவிட்டு, குளியலறைக்குள் போய் அழுதேன். அக்காவின் தீர்ப்பு வாழ்க்கையில் முதல் தடவையாகச் சரிவந்துவிடுமோ என்று பயந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், ஆட்டம் இணையத்தில் நேரே வருகிறது என்று தகவல் அனுப்பியிருந்தாள். என் கணவர் டிவியில் போட்டார். விசில் அக்கா வந்து முன்னால் இருந்தார். கனநேரம் ஆரணி வெளியேதான் இருந்தாள். கடைசிப் பகுதியில் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனாள். முதல் பந்தே பறிபோனது. கோச் கையை விரித்துக் கத்துவது தெரிந்தது. ஆரணி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஓடினாள், எட்டிப் பிடித்தாள், பந்தைத் தட்டிப் பறித்தாள், தலையை நிமிர்த்திப் பார்த்து இடது கையால் ஒருத்திக்கு எறிந்தாள். அவள் கூடைக்குள் போட்டுவிட்டாள். ஆட்டம் முடியும் வரை ஆரணியை வெளியே எடுக்கவில்லை.

அப்போதுதான் கவனித்தேன், அக்கா ஆட்டம் முழுக்க வாயைத் திறக்கவே இல்லை.

“நான் முதல்நாளே சொன்னன்” என்றார் அக்கா, தொண்டையைச் செருமிக்கொண்டு. “இவள் விளையாடுவாள் எண்டு.”

என் கணவர் வாயைத் திறந்தார். நான் அவருடைய காலை மிதித்தேன்.

“ஓம் அக்கா. நீங்கள்தான் சொன்னனீங்கள்” என்றேன்.

அக்கா தலையை ஆட்டினார். தேத்தண்ணி கொடுத்தேன், குடிக்கவில்லை. கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அவள் இனி வரமாட்டாள் என்ன?” என்றார். “அது நல்லதுதான். ஆனால் பிள்ளை, நான் இனி இஞ்சை ஆரைப் பாத்துக் கத்துறது?”

அந்தக் கண்ணில் தண்ணீரை நான் அன்றுதான் கண்டேன். எனக்கும் அவரைத் தவிர யார் இருக்கிறார்கள், என் பிள்ளைக்காக அவ்வளவு கத்த? கிட்டப் போய் இருந்து கையைப் பிடித்தேன். “நாளைக்கு வேலை முடிய நேரே இஞ்சை வாங்கோ அக்கா. நான் சமைச்சு வைக்கிறன், நீங்கள் இருந்து பிழை பிடியுங்கோ” என்றேன்.

“உன்ரை குழம்பிலை எப்பவும் உப்புக் கூட” என்றார் அக்கா, நாளை வரைக்கும் பொறுக்க முடியாமல். என் கையை விடவும் இல்லை.